கை நனைக்காத மாமன்

செல்லூரிலிருந்து அலங்காநல்லூர் போகும் தனியார் பஸ்ஸில் தினமும் ஏறுகிறவர்களுக்கு டிரைவர் ஜெயபாண்டியின் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். சில மாதங்களுக்கு முன்புவரை அந்த முதுகு இருக்கையின் இரண்டு பக்கமும் வழிந்து கிடந்தது. இப்போது இருக்கைக்குள் அடங்கியிருக்கிறது. வியாதியா என்று சிலர் கண்டக்டர் கருத்தக்கண்ணனிடம் காதோடு கேட்டார்கள். "வியாதி வராம இருக்கத்தேன்," என்று சொல்லிவிட்டு அவர் டிக்கெட் கிழித்தார்.

ஜெயபாண்டி சாப்பாட்டுக்குப் பேர்போனவர். எந்த விசேஷத்திலும் முதல் பந்தியில் அவருக்கு இடம் இருக்கும். பரிமாறுகிற பையன்கள் அவர் இலைப்பக்கம் போவதற்குப் போட்டி போடுவார்கள். "அண்ணே இலையில வச்சது வீணாப் போனதா சரித்திரமே இல்ல," என்பார்கள். அந்தப் பேர் அவருக்குப் பிடித்திருந்தது. நாற்பதைத் தாண்டியும் அதைக் காப்பாற்றி வந்தார்.

பஸ் முதலாளி தன் டிரைவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை. டாக்டர் சாருலதா பயமுறுத்தவில்லை. "மாத்திரை இப்ப வேண்டாம். சாப்பாட்டை ஒழுங்குபடுத்துங்க. கொஞ்சம் நடங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்," என்றார்.

ஒழுங்குபடுத்துவது என்றால் நிறுத்துவது என்று ஜெயபாண்டி எடுத்துக்கொண்டார். கருத்தக்கண்ணன் போனில் அனுப்பிய வீடியோக்களில் ஒன்று சோறே கூடாது என்றது, இன்னொன்று பழமும் கூடாது என்றது. எல்லாவற்றிலும் கடுமையானது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டார். இட்லி, தோசை, சோறு, கிழங்கு, வாழைப்பழம் எதுவும் கிடையாது. காலையில் முட்டை, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி சுட்ட கோழி. உடம்பு மளமளவென்று இறங்கியது. கோபம் அதே வேகத்தில் ஏறியது. டிரைவர் பசியோடு இருக்கிறார் என்பது அவர் பிரேக் அடிக்கிற விதத்திலேயே தெரிந்தது என்று பஸ்ஸில் போனவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் அழகர்கோவிலில் அவருடைய தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து வந்தது.

தங்கச்சி செல்லத்தாய், அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டவர். அவருக்குக் கூடப்பிறந்தவர் ஜெயபாண்டி ஒருவர்தான். செல்லத்தாயின் புருசன் நல்லகாமன் விவசாயி. மாமன் மடியில் உட்கார வைத்துக் குழந்தைக்கு மொட்டை போட்டு, காது குத்தி முடித்தார்கள். மாந்தோப்பில் கிடாக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. இலை போட்டார்கள்.

"மச்சான், வாங்க. மொத இலை உங்களுக்குத்தேன்," என்றார் நல்லகாமன்.

"இல்ல மாப்ள, நான் கை நனைக்கல," என்றார் ஜெயபாண்டி.

இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள். இரண்டு குடும்பத்துக்கு மனஸ்தாபம் வந்தால் முதலில் நிற்பது அதுதான். விசேஷத்துக்கு வருவார்கள், செய்ய வேண்டியதைச் செய்வார்கள், கை மட்டும் நனைக்காமல் போய்விடுவார்கள். அதற்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவையில்லை. ஜெயபாண்டிக்கு இது தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு அவருக்குத் தன் இடுப்பு இளைத்ததைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளரிக்காய்.

"டயட்டுல இருக்கேன்ப்பா."

நல்லகாமனின் அக்கா ராமக்காள் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "வேம்ப வெட்டுனது இன்னும் ஆறல போலருக்கு."

அதற்கு முந்தின வருடம் நல்லகாமன் நிலத்துக்கும் ஜெயபாண்டிக்கு அந்த ஊரில் இருந்த நிலத்துக்கும் இடையில் வரப்பில் நின்ற வேப்பமரத்தை, ஜெயபாண்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நல்லகாமன் வெட்டியிருந்தார். ஜெயபாண்டி கொஞ்சம் சத்தம் போட்டார், பிறகு விட்டுவிட்டார். விட்டதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

செல்லத்தாய் ஒரு கிண்ணத்தில் கறியோடு ஓடி வந்தார். "அண்ணே, எங்க வீட்டாளுக பாக்குறாக. ஒரே ஒரு வாய்."

"ஒரு வாய்னு ஆரம்பிச்சா எனக்கு நிக்காது ஆத்தா. டூட்டிக்கு நேரமாச்சு, வாரேன்," என்று கிளம்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் தான் செய்தது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தங்கச்சிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான். எடுத்தாலும் "ம்", "இருக்கோம்", "வச்சிரவா" என்ற அளவோடு பேச்சு முடிந்தது.

டயட் அதற்கப்புறம் அதிக நாள் ஓடவில்லை. ஒரு சாயங்காலம் செல்லூர் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தவர், மாஸ்டர் "பார்சலும் வேணுமாண்ணே?" என்று கேட்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. இறங்கிய எடை முழுவதும் திரும்பி வந்தது. போன தங்கச்சி மட்டும் திரும்பி வரவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் முன்னால் மனைவி முனீஸ்வரியோடு போய் உட்கார்ந்தார். முனீஸ்வரி வீட்டிலேயே விசைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவர். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் ஜெயபாண்டியைத்தான் கேட்டார், பதில் முனீஸ்வரியிடமிருந்து வந்தது.

"காலையில வெறும் வயித்தோட போவாரு மேடம். மொத ட்ரிப் முடிஞ்சதும் டீ, வடை. அலங்காநல்லூர்ல எறங்கினா இன்னொரு டீ. யாராச்சும் பணியாரம் கொடுத்தா அது. மதியம் சோறு மலையா இருக்கும், காய் தொட்டுக்கத்தேன். சாயங்காலம் பஜ்ஜி. வண்டிய விட்டுட்டு வரையில பரோட்டா."

"கிடாவெட்டு, கல்யாணமெல்லாம்?"

"அது மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும்."

"அப்ப அதை விடுங்க," என்றார் டாக்டர். "அங்க போயி நல்லாச் சாப்பிடுங்க. மத்த நாளைச் சரிபண்ணுங்க."

ஜெயபாண்டிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சாப்பிட வேண்டிய ஒரே இடத்தில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது முனீஸ்வரி சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "பஸ்ஸ ஸ்டாப்பிங் தவிர வேற எங்கயும் நிறுத்த மாட்டீக. கெழவி கை காட்டுனாலும் நிறுத்த மாட்டீக. வாய மட்டும் கை காட்டுன எடத்துல எல்லாம் நிறுத்துறீக."

ஆற்றுப் பாலம் வந்ததும் ஜெயபாண்டி, "அப்ப ஸ்டாப்பிங் போட்டுருவோம்," என்றார்.

போட்டார்கள். காலையில் முதல் ட்ரிப்புக்கு முன்னால் வீட்டிலேயே இட்லி, கூட ஒரு கரண்டி தட்டப்பயறுக் குழம்பு. மதியச் சாப்பாட்டில் முனீஸ்வரி செய்தது ஒரே ஒரு வேலை, டப்பாக்களை மாற்றியது. பெரிய டப்பாவில் இருந்த சோறு சின்ன டப்பாவுக்குப் போனது. சின்ன டப்பாவில் ஒளிந்துகொண்டிருந்த அவரைக்காயும் சுரைக்காயும் கீரையும் பெரிய டப்பாவுக்கு வந்தன. சாயங்காலம் ஒரு கைப்பிடி சுண்டல். ராத்திரிச் சாப்பாட்டைக் கடைசி ட்ரிப்புக்கு முன்னாலேயே முடித்துவிடுவார். பஸ்ஸை விட்ட பிறகு ஆட்டோவில் ஏறாமல் ஆற்றங்கரையோரமாக நடந்து வீடு போவார்.

எதையும் அடியோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு இருந்தது. மாதத்தில் ஒருநாள் முனீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு அதே பரோட்டாக் கடைக்குப் போனார், இரண்டோடு எழுந்தார். டீயையும் விடவில்லை. சர்க்கரையைத்தான் மாஸ்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வடைதான் சிரமமாக இருந்தது. அலங்காநல்லூர் கடைக்காரர் மனம் நொந்த குரலில், "அண்ணே, ஒங்களுக்காகப் போட்டது ஆறுது," என்பார். சில நாள் அந்தக் குரலுக்குத் தோற்றார். தோற்ற நாளில் பட்டினி கிடந்து ஈடுகட்டவில்லை, அடுத்த வேளையை வழக்கம்போலச் சாப்பிட்டார். முந்தின டயட்டுக்கும் இதற்கும் இருந்த பெரிய வித்தியாசம் அதுதான். கருத்தக்கண்ணனுக்கு மட்டும் கிண்டல் ஓயவில்லை. பஜ்ஜித் தட்டு எங்கே தென்பட்டாலும் விசில் ஊதி, "மாப்ள, கை காட்டுறாக," என்பார்.

மற்றவர் வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்பதையும் ஜெயபாண்டி கூர்ந்து கவனித்துக் கற்றுக்கொண்டார். போதும் என்று சொன்னால் பரிமாறுகிறவர் இன்னொரு கரண்டி வைப்பார். நாமாகவே ஒன்றைக் கேட்டு வாங்கினால் அவர் முகம் மலர்ந்துவிடும். அவர் எதிர்பார்ப்பது நாம் கேட்பதைத்தான். ஆகவே முந்திக்கொண்டு, "அந்தக் கூட்டு இன்னும் கொஞ்சம் வைங்க," என்று கேட்கப் பழகினார். அதற்கு மேல் சோற்றை யாரும் திணிக்கவில்லை. இத்தனையும் ஒரே ஒரு வீட்டுக்காகத்தான். அந்த வீட்டுக்குப் போக மட்டும் கால் வரவில்லை.

தை பிறந்ததும் பஸ்ஸில் ஒரு பெண் பின்னாலிருந்து கேட்டார். "டிரைவரண்ணே, ஒங்க தங்கச்சி புது வீட்டுல வெள்ளிக்கிழமை பால் காச்சுறாகளாமுல்ல? பத்திரிகை வந்துச்சு. தாய்மாமன், நீங்கதேன் முன்னால நிப்பீக."

"ஆமா," என்றார் ஜெயபாண்டி. அவருக்குப் பத்திரிகை வரவில்லை.

மறுநாள் லீவு போட்டார். பயணியாக ஏறி, மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து, ஒரு பை கொய்யாப்பழத்தோடு தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றார். செல்லத்தாய் எட்டிப் பார்த்தார்.

"வாங்க."

அண்ணே என்ற சொல் அதில் இல்லை.

"பசிக்குது ஆத்தா. சோறு இருக்கா?"

செல்லத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், வெள்ளரிக்கா கொண்டாரலையா?"

"கொண்டாரல."

செல்லத்தாய் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். சோற்றை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே போனார். அது பசிக்குப் போடுகிற சோறாகத் தெரியவில்லை, பரீட்சையாகத் தெரிந்தது. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய் எல்லாம் வந்தன.

"கீரை இன்னும் கொஞ்சம் வை," என்றார் ஜெயபாண்டி. வைத்தார்.

"கத்தரிக்காயும்." அதையும் வைத்தார். கை கொஞ்சம் இளகியிருந்தது.

"இப்ப நான் கை வைக்கிறதுக்கு முன்னாடி சோத்துல பாதிய எடுத்துரு தாயி. மிச்சம் வச்சு எந்திரிச்சா ஒனக்கு மனசு கேக்காது."

கரண்டி அப்படியே நின்றது. "மறுபடியும் டயட்டா?"

"டயட்டெல்லாம் விட்டாச்சு. எனக்குச் சர்க்கரை எட்டிப் பாக்குது."

செல்லத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எப்பருந்து?"

"காதுகுத்துக்கு முன்னாடியே."

"இந்த ஒத்த வார்த்தைய அன்னைக்குத் தோப்புல சொல்லிருக்கலாம்ல? எம்புட்டுப் பேச்சு வாங்கினேன் தெரியுமா? ஓம் பொறந்தவன் ஒறவ அறுத்துட்டுப் போயிட்டான்னு சமையக்கட்டுல வச்சே கேட்டாக."

"வெக்கமா இருந்துச்சு. மொதப் பந்திக்காரன் நானு. எனக்குச் சாப்பிடக் கூடாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? டயட்டுன்னா ஸ்டைலா இருந்துச்சு."

செல்லத்தாய்க்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று ஜெயபாண்டிக்குத் தெரியவில்லை, தங்கச்சி குனிந்திருந்தார். நிமிர்ந்து, சோற்றில் பாதியைச் சட்டிக்குள் எடுத்துப் போட்டார். "போதுமா அண்ணே?"

ஜெயபாண்டி சோற்றில் கை வைத்தார்.

பாதிச் சாப்பாட்டில் நல்லகாமன் உள்ளே வந்தார். மச்சானின் முகத்தை அவர் பார்க்கவில்லை, குழம்பில் நனைந்திருந்த கையைத்தான் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தட்டு போடு," என்றார் மனைவியிடம். பாதி சாப்பிட்டதும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மச்சான், அந்த வேம்பு புது வீட்டுக்கு வாசக்காலா நிக்குது. ஒங்ககிட்டக் கேட்டுட்டு வெட்டிருக்கணும்."

"நல்ல மரம். வாசலுக்குன்னா சரிதேன்," என்றார் ஜெயபாண்டி. "கருவாடு அந்தப் பக்கம் இருக்கு, தள்ளு."

வெள்ளிக்கிழமை பால் பொங்கியதும் பந்தி போட்டார்கள். முதல் இலையில் ஜெயபாண்டி. பொங்கலில் ஒரு கரண்டி, கேசரியில் ஒரு கரண்டி. வடையில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததற்கு முன்னால் பீன்ஸ் பொரியலைக் கேட்டு வாங்கினார். சர்க்கரை வாசலை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. கடைசியாகப் பார்த்தபோது கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

ராமக்காள் ஆரம்பத்திலிருந்து அந்த இலையையே கவனித்துக்கொண்டிருந்தார். "என்னத்தா, ஒங்கண்ணன் முன்ன மாதிரி திங்கல?"

சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த செல்லத்தாய் நின்றார்.

"கை நனைஞ்சிருக்கா இல்லையா, அத மட்டும் பாருங்க மதினி," என்றார். "மிச்சத்த அண்ணே பாத்துக்கிரும்."