கேமரா செய்தி வாசித்த செவ்வாய்க்கிழமைகள்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்திருந்தேன். தினமும் ஏனாத்தூரிலிருந்து எட்டரை மணி டவுன் பஸ். அப்பா அங்கே கல்லூரி வளாகத்தில் வாட்ச்மேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் தடையில்லாமல் வரும். அதை வைத்து என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள். பரீட்சை முடிவு வரும் நாளில் வரிசை தெருவரை நிற்கும். மற்ற நாட்களில் காலை வேளையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு காலையில்தான் அவர் ஓர் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணங்களுக்கும் கருட சேவைக்கும் படம் எடுப்பவர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அவர் நாற்காலி மேல் ஏறி நின்று ஃபிளாஷ் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

“ஏம்மா, உனக்கு இங்கிலீஷ் நல்லா வருமாமே. இத கொஞ்சம் படிச்சி சொல்றியா?” என்றார். “மச்சான் சிங்கப்பூர்லர்ந்து அனுப்பிக்கிறாரு. பொட்டிய தொறந்து பத்து நாளாச்சி. ஆன் பண்றதுக்கு மேல ஒண்ணும் புரியல.”

பெட்டிக்குள் கைக்கடக்கமான ஒரு டிஜிட்டல் கேமரா. கூடவே தடிமனான ஒரு கையேடு, பல மொழிகளில். தமிழ் மட்டும் இல்லை. நான் ஆங்கிலப் பக்கத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினேன். அதுவரை கேமராவைக் கையால் தொட்டதுகூட இல்லை. வாசித்தேன், தமிழில் சொன்னேன், அவ்வளவுதான். எனக்குப் புரிந்ததா என்று கேட்டால் இல்லை.

கையேடு முடிந்ததும் அவர் விடவில்லை. “இந்த கேமராவ பத்தி இன்டர்நெட்டுல எதுனா போட்டுக்கிறானா பாரும்மா” என்றார். தேடினேன். ஒரு பத்திரிகை அளவுக்கு எழுதி வைத்திருந்தார்கள். பத்துப் பக்கம் அந்த ஒரே கேமராவைப் பற்றி. நான் வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில், வெளிச்சம் குறைவாக இருக்கும்போது நாய்ஸ் அதிகம் என்று இருந்தது. “இருட்டுல எடுத்தா ரொம்ப சத்தம் போடுமாம் சார்” என்றேன்.

அவர் கேமராவை எடுத்துக் காதருகே வைத்தார். மேசைக்கு அடியில், இருட்டான இடத்தில் நீட்டி ஒரு படம் எடுத்தார். மறுபடி காதருகே வைத்தார். “ஒண்ணும் கேக்கலியே” என்றார். பிறகு அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “இந்தா, பாரு. மணல் கொட்ன மாரி புள்ளி புள்ளியா இருக்குது பாரு. இதத்தான் சொல்றான்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அன்றைக்கு ஒன்று தெரிந்தது. எனக்கு வார்த்தை தெரியும், அவருக்குப் பொருள் தெரியும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அந்தப் பக்கம் முழுசாகப் புரியும்.

செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் அவருக்கு அன்றைக்கு ஓய்வு. வாராவாரம் செவ்வாய் பத்து மணிக்கு வந்துவிடுவார். புதிதாக என்ன கேமரா வந்திருக்கிறது, எதன் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, எந்த மெமரி கார்டு எந்தக் கேமராவுக்குச் சேரும், படத்தைச் சரிசெய்ய என்ன சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது, எல்லாம் வாசிக்கச் சொல்வார். ஒரு மாதத்தில் அவருக்குத் தெரிந்த இன்னும் இரண்டு ஸ்டுடியோக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டு ஒரே திரையைச் சுற்றி உட்காருவார்கள். சென்டர் முதலாளி எட்டிப் பார்த்து, “இன்னாபா, நியூஸ் ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

நான் ஒரு நோட்டு போட்டேன். ஆங்கிலச் சொல்லை ஒரு பக்கம் எழுதி, அவர்கள் அதற்குச் சொன்ன விளக்கத்தை எதிரில் எழுதுவேன். பளபளக்கும் பொருளின் ஓரத்தில் படத்தில் ஊதாக் கோடு விழும் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. மூவரில் ஒருவர், “அட, நம்ம ஜரிகையில வருதே அதான். நம்ம ஊருக்குன்னே வந்த வியாதிபா” என்றார். நோட்டில் ‘ஊதாக் கரை’ என்று எழுதிக்கொண்டேன்.

வொயிட் பேலன்ஸ் என்பது மட்டும் எத்தனை முறை வாசித்தும் எனக்கு ஏறவில்லை. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட ஏன் ஒரு பட்டன் வேண்டும்?

முதலில் பெட்டியோடு வந்த அவர்தான் கேட்டார்: “பட்டுக்கடையில பொடவ எடுக்க வர்றவங்க இன்னாத்துக்கு அத வாசலுக்கு தூக்கிக்கினு போயி பாக்கறாங்க?”

“உள்ள டியூப்லைட்ல கலர் வேற மாதிரி தெரியும்.”

“அவ்ளோதான். நம்ம கண்ணு வாசலுக்கு போயி பாத்துக்கும். கேமரா போவுமா? அதுக்கு நீ எங்க நிக்கிறன்னு சொல்லணும். வெயில்லயா, டியூப்லைட்லயான்னு.”

அதற்குப் பிறகு எனக்கு எதையும் வெறுமனே வாசிக்க முடியவில்லை. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்க முகங்களில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, நாங்கள் வாசித்ததையெல்லாம் நம்பி அவர் ஒரு கல்யாண வரவேற்பை முழுக்க டிஜிட்டலில் எடுத்தார். அன்று காலை முகூர்த்தத்துக்கு மட்டும் ஃபிலிம். பெண் வீட்டார் அவருடைய தெருவுக்கு அடுத்த தெரு. பெண்ணின் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். மறுநாள் காலையில், செவ்வாய்கூட இல்லை, எங்கள் ஸ்டுடியோக்காரர் சந்தோஷமாகக் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். சி.டி.யில் ஏற்றித் தரும்படி என்னிடம் கொடுத்தார்.

எங்கள் கார்டு ரீடர் கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. கார்டைச் சொருகினேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. கார்டு ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா என்று அது கேட்டது. அன்றைக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம் டைப் அடிக்க இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே யெஸ் அழுத்தினேன். இன்னொரு பெட்டி வந்தது. அதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. அதற்கும் ஓகே அழுத்தினேன்.

ஊருக்கெல்லாம் ஆங்கிலம் வாசித்துச் சொன்ன நான் அந்த இரண்டு வரியை வாசிக்கவில்லை.

கார்டைத் திறந்தால் காலி. “சார், நான் ஃபார்மேட் பண்ணிட்டேன்” என்றேன். அந்தச் சொல் அவருக்கு நன்றாகவே தெரியும். ஃபார்மேட் என்பதற்கு நோட்டில் ‘பலகையை அழிப்பது’ என்று எழுதச் சொன்னவரே அவர்தான்.

“தேவுடா” என்றார். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. வெளியில் அவர் தெலுங்கில் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை சொல்வதுபோலவே, “சரி, இதுக்கு இன்னா செய்யணும்னு எங்கனா எழுதிக்கிறானா பாரு. படி” என்றார்.

நாங்கள் வழக்கமாக வாசிக்கும் இணையதளத்தில் வாசகர்கள் கேள்வி கேட்கும் பகுதி ஒன்று உண்டு. ஒருநாளும் நான் அதில் எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினேன். ஒரு கல்யாணத்தின் படங்களை அழித்துவிட்டேன், என் தவறு, தயவுசெய்து உதவுங்கள் என்று. அரை மணி நேரத்துக்குள் எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார். கார்டை உடனே வெளியே எடு, அதில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதே, படங்கள் இன்னும் உள்ளேயேதான் இருக்கின்றன, அவற்றின் முகவரி மட்டும்தான் அழிந்திருக்கிறது. இதைச் சொல்லி, மீட்டெடுக்கும் ஓர் இலவச சாஃப்ட்வேருக்கு வழியும் கொடுத்திருந்தார். கடைசியில், பயப்படாதே, எனக்கும் இப்படி நடந்திருக்கிறது என்று ஒரு வரி. அவர் பெயரைக்கூட நான் அறியேன். அந்தக் கடைசி வரிக்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர் கம்ப்யூட்டர்களில் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். “என் மிஷின்ல போடு” என்றார். சின்ன சாஃப்ட்வேர்தான், ஆனாலும் அந்த இணைப்பில் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. பாதியில் கரண்ட் போனது. யு.பி.எஸ். கீ கீ என்று கத்திக்கொண்டிருக்க, மற்ற ஐந்து கம்ப்யூட்டர்களையும் அணைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் ஓடவிட்டோம். ரேஷன் கார்டுக்கு வந்தவர்களும் போகாமல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் படம் திரையில் வந்தபோது அவர்களில் ஓர் அம்மா, “ஐ, பொண்ணு வந்துட்சி!” என்று கை தட்டினார்.

ஏழு படங்களைத் தவிர எல்லாம் முழுசாக வந்தன. அந்த ஏழும் மேல்பாதி மட்டும் வந்தன. கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம்.

அந்த ஏழில் ஒன்று பெண்ணும் பெண்ணின் அம்மாவும் சேர்ந்து நிற்பது. “அந்தம்மா நேத்து பூரா பந்தியில நின்னாங்க. ஒரே ஒரு படத்துக்குத்தான் வந்தாங்க. அது இதுதான்” என்றார் ஸ்டுடியோக்காரர். சி.டி.யைப் பையில் வைத்துக்கொண்டு, “நான் போயி சொல்லிட்டு வந்துடறேன்” என்று எழுந்தார்.

“நானும் வரேன் சார்.”

“நீ எதுக்குமா? கார்டு என்னுது, வேல என்னுது. கெட்டுப்போச்சின்னு சொல்லிக்கிறேன்.”

நான் கேட்கவில்லை. முதலாளி வந்ததும் சென்டரை அவரிடம் விட்டுவிட்டு, ஸ்டுடியோக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்த வீட்டு வாசலில் வாழைமரம் இன்னும் கட்டியிருந்தது. ஆசிரியர் எங்களை உட்காரச் சொன்னார். ஸ்டுடியோக்காரர், தான் சொன்னபடியே, “கார்டுல கொஞ்சம் ரிப்பேர் சார்” என்று ஆரம்பித்தார்.

“இல்ல சார், நான்தான் அழிச்சிட்டேன்” என்றேன். “படிக்காம பட்டன அமுக்கிட்டேன். தப்பு என்னுது.”

ஆசிரியருக்குக் கோபம் வந்தது. “ஃபிலிம் ரோல் போட்டே எடுங்கன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?” என்று இவரைப் பார்த்துக் கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா வந்தார். என்ன ஆனது என்று கேட்டார். வரும் வழியில் இவர் தன் ஸ்டுடியோவில் நிறுத்தி, அந்த அரைப்படத்தை அவசரமாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை நீட்டினார். இரண்டு முகங்களும் தெளிவாக இருந்தன. கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

அந்த அம்மா அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்தார்.

“மூஞ்சி ரெண்டும் நல்லா வந்துக்கிதே” என்றார். “பொடவதான வரல? பொடவ பீரோவுல இருக்குது. இத மட்டும் பெருசா போட்டு குடுங்க.” பிறகு என்னிடம், “நீ ஏம்மா நின்னுக்கினே இருக்க? ஒக்காரு, காபி எடுத்துக்கினு வரேன்” என்றார்.

திரும்பும்போது அவர் என்னைச் சென்டர் வாசலில் இறக்கிவிட்டு, “இனிமே ஸ்கிரீன்ல அந்த பொட்டி வந்தா எனக்கும் ஒருக்கா படிச்சி காட்டு. ரெண்டு பேரும் சேந்து அமுக்கலாம்” என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வழக்கம்போல வந்தார். அவர் வராமல் போயிருந்தால் நான் அந்த வேலையை விட்டிருப்பேன், ஆங்கிலத்தையும்கூட. அவர் வந்தார். அதற்கு நான் முறையாக ஒரு நன்றி சொல்லவே இல்லை.

அதன்பின் இரண்டு வருடம் வாசித்தோம். அவர் பெரிய கேமரா வாங்கினார். சாஃப்ட்வேரில் ஆல்பம் செய்யக் கற்றுக்கொண்டார். சில நாட்களில் நான் வாடிக்கையாளரைக் கவனித்துவிட்டுத் திரும்பும்போது, திரையில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி அவரே படித்துக்கொண்டிருப்பார். தவறாகப் படித்தால் திருத்துவேன். அர்த்தத்தை நான் தவறாகச் சொன்னால் அவர் திருத்துவார்.

அந்த இணையதளத்தில்தான் ஒருநாள் சென்னை வேலை விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. கேமரா விற்கும் ஒரு கம்பெனி, வாங்கியவர்களுக்குப் போனில் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் தேடியது. “எனக்கு ஒரு கேமராகூட கிடையாதே சார்” என்றேன். அவர் தன்னுடைய முதல் கேமராவை, மச்சான் அனுப்பியதை, ஒரு வாரம் என்னிடம் கொடுத்தார். “எடுத்துக்கினே இரு. பஸ்ஸு, மாடு, உங்கப்பா, எதுனா எடு” என்றார். அப்பாவைத்தான் எடுத்தேன், வாட்ச்மேன் சட்டையில், வேப்பமரத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில்.

நேர்காணலில் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். பிறகு கேமராவைப் பற்றிய ஒவ்வொரு சொல்லையும் வரிசையாகச் சொல்லி, தமிழில் விளக்கச் சொன்னார்கள். நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அந்த மூன்று நாற்காலிகளுக்கு முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகியவை.

வேலை கிடைத்தது. காலை ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்தேன். அங்கே எனக்கு வந்த முதல் அழைப்பு திண்டிவனத்திலிருந்து. பேசியவர் கேள்வியைக் கேட்பதற்கு முன், “மேடம், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

“அது பரவால்ல சார். கேமராவ கையில எடுத்துக்கோங்க. ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க” என்றேன். அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல, நான் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.