படையல் டம்ளர்

என் மகன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பஸ் டிரைவராக இருந்தான். ஊர் ஊராகப் போய் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி வருகிற பஸ். அவன் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நானும் தெருமுனைவரை கூடவே போவேன். நாலு பேர் பார்க்கட்டுமே என்றுதான். அந்த வேலை கிடைத்தால் வருசா வருசம் கிடா வெட்டி, பாட்டில் வைத்துப் படைக்கிறேன் என்று நத்தம் பக்கத்தில் இருக்கிற எங்கள் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவளும் நான்தான்.

சாராயம் வைக்காமல் எங்கள் சாமிக்குப் படையல் கிடையாது. சாமிக்குக் காட்டிய பிறகு மிச்சத்தை ஆம்பளைகளுக்கு டம்ளரில் கொடுப்பார்கள். யாருக்காக நேர்ந்ததோ அவன்தான் முதல் டம்ளரை வாங்க வேண்டும். அதைக் குடி என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. திருநீறு கொடுப்பது போல அதுவும் ஒன்று.

முதல் வருசம் படையல் முடிந்து, பங்காளி ஒருவரின் லோடு வண்டியில் எங்கள் எல்லோரையும் ஏற்றி அவன் ஓட்டி வந்தான். நல்ல வெயில் நேரம். திண்டுக்கல்லுக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ் நிறுத்தி அவனை ஊதச் சொன்னார்கள். நான் விறுவிறுவென்று இறங்கிப் போய், “ஐயா, அது சாமி பிரசாதம்” என்றேன்.

ஏட்டு சிரித்துவிட்டார். “எங்க வீட்டுச் சாமியும் இதத்தாம்மா கேக்குது. வண்டி ஓட்டுறவனுக்கு ஊத்துன்னா கேக்குது?”

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். கோர்ட்டில் அபராதம் போட்டு, ஆறு மாசத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று லைசென்சையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் வக்கீல் என்னையும் நிற்க வைத்துச் சொன்னார்.

“மொத தடவைங்கிறதால இதோட விட்டாங்கம்மா. இதுக்கே ஆறு மாசம்வரைக்கும் உள்ள வைக்கச் சட்டத்துல இடம் இருக்கு. மறுபடி மாட்டுனான்னா ரெண்டு வருசம்வரைக்கும் போடலாம். அபராதமும் கூடும்.”

நன்றாகக் கேட்டுக்கொண்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆறு மாசம் மில்லில் பஸ் கழுவினான். பிறகு மானேஜர், இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்தப் பக்கமே வராதே என்று சொல்லித் திரும்பவும் பஸ்ஸைக் கொடுத்தார். அதற்கப்புறம் கல்யாண வீடுகளில்கூட அவனுக்குப் பன்னீர் சோடாதான்.

அடுத்த படையலுக்கு என்னைப் பைக்கில் வைத்துக் கூட்டிப்போனான். போகும்போதே, “எனக்கு இந்தத் தடவ டம்ளர் வேணாம்மா. சாமிகிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றான். சரிடா அப்பு என்றேன்.

பூசாரி டம்ளரை நீட்டியபோது கையெடுத்துக் கும்பிட்டுத் தள்ளி நின்றான். என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி, அம்புட்டு சனத்துக்கு நடுவில், “என்னடி, ஒம் மகன் கருப்பன விடப் போலீசுக்குத்தான் பயப்படுவான் போல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிப் போனது. பூசாரி கையிலிருந்த டம்ளரை நானே வாங்கி அவனிடம் கொண்டு போனேன்.

“ஏலே, ஒரு வாய்தான். குடி.”

“வண்டி ஓட்டணும்மா.”

“இவுக முன்னாடி என்னையக் கேவலப்படுத்தாத.”

கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். ஒரு வாய் இல்லை, டம்ளர் நிறைய இருந்தது. “செத்த நேரம் படுத்துட்டுப் போவோம்மா” என்றான். நான்தான் கறி கெட்டுப்போகும், கிளம்பு என்றேன். பைக்கை விட்டுவிட்டு மற்றவர்களோடு வேனில் ஏறியிருக்கலாம். அதுவும் எனக்குத் தோன்றவில்லை.

போன வருசம் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினார்கள். இந்தத் தடவை பிரசாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாஜிஸ்திரேட் முன்னால் பழைய வழக்கின் தாளும் இருந்தது. “போன வருசம்தானே தண்டனை வாங்கின? இது ரெண்டாவது தடவை. ஏதாவது சொல்றியா?” என்று கேட்டார்.

மகன் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு, “இல்லைங்கய்யா” என்றான்.

அப்போது என் மனசில் முதலில் வந்தது ஜெயில் இல்லை. நல்லவேளை, சொல்லவில்லை என்பதுதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான்தான் ஐயா குடிக்க வைத்தேன் என்று எழுந்து சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

ஒரு மாசம் ஜெயில். லைசென்சும் போனது. மில்லில் திரும்பச் சேர்க்கவில்லை. நத்தத்தில் ஒரு புளி மண்டியில் மூட்டை தூக்கப் போனான்.

ஒரு நாள் ஓரகத்தி வீட்டுக்கு வந்தாள். அவன் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

“நல்ல பிள்ளையாத்தானடி இருந்தான். எப்புடிக் குடிகாரனாப் போனான்?”

“சேர்க்கை சரியில்லக்கா” என்றேன்.

சொன்ன பிறகுதான் அவன் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. எட்டிப் பார்த்தேன். கை கழுவிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. கூப்பிட்டால் ஓரகத்திக்குக் கேட்குமே என்று நான் கூப்பிடவில்லை.