இரண்டாம் ஓலை

எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. அப்படி யாரும் போய்ச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஞாயிறு புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது பற்றிய அறிவிப்பைப் படித்தார், ஆசீர் கொடுத்தார், உள்ளே போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். எனக்குப் பொறுமை கிடையாது.

"ஒரு தடை வந்திருக்கும்மா. யார் சொன்னாங்கன்னு மட்டும் கேக்காத," என்றார். "அந்தத் தம்பிக்கு வடக்க ஒரு பொண்ணோட பழக்கமாம். ஆஸ்பத்திரியில வேலை பாக்குற பொண்ணு. மோதிரம்கூட மாத்திக்கிட்டாங்களாம். மாசாமாசம் இன்லேண்ட் லெட்டர் வருதாம். விசாரிக்கிற வரைக்கும் ஓலைய நிறுத்தி வெச்சிருக்கேன்."

அந்தத் தம்பி ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர்க்காரர், ராணுவத்தில் இருக்கிறார். நான் பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். லீவில் வந்திருந்தபோது தன் அம்மாவைச் சர்க்கரை பார்க்க அங்கே கூட்டி வந்தார். நான் ஊசியை எடுத்ததும் அம்மா கையை நீட்டினார், மகன் கண்ணை மூடிக்கொண்டார். துப்பாக்கி பிடிக்கிற ஆளா இவர் என்று சிரித்துவிட்டேன். அங்கே ஆரம்பித்தது. இப்போது அவர் இருப்பது பனிமலையில், போன் கிடைப்பதே அபூர்வம்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எதுவுமே ஓடவில்லை. அரியலூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது சிமெண்ட் லாரிகளை வெறித்துக்கொண்டே போவேன். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவரைத்தான் பிடித்ததா, இல்லை அப்பாவைப் போல ராணுவச் சட்டை போட்டவர் யாராக இருந்தாலும் பிடித்திருக்குமா என்று வேறு ஒரு குழப்பம் சேர்ந்துகொண்டது.

அப்பாவும் மிலிட்டரிதான். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, மலைப்பாதையில் வண்டி உருண்டு இறந்துபோனார். ஊர் அதைப் போர்க்களம் ஆக்கிக்கொண்டது, நாங்களும் திருத்தவில்லை. எங்கள் வீட்டுக்கே மிலிட்டரி வூடு என்றுதான் பெயர். கூடத்தில் அவர் படம், படத்துக்குக் கீழே அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன்மேல் அம்மா பின்னிய விரிப்பு. சாவி அம்மாவின் ஜெபமாலைப் பையில் இருக்கும்.

அம்மா அந்த வாரம் என்னிடம் தாங்க முடியாத பிரியமாக இருந்தாள். கேட்காமலே தலைக்கு எண்ணெய் வைத்தாள். "வுட்டுரு பாப்பா. மிலிட்டரிக்காரன் நமக்கு வேணாம். நான் பட்டது போதாதா?" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

புதன்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. காற்று இரைச்சல்தான் பாதி.

"ரெண்டாவது ஓலை படிச்சாச்சா?"

"படிச்சாச்சு," என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு கேட்டேன், "நீங்க யாருக்காவது இன்லேண்ட் லெட்டர் எழுதுவீங்களா?"

"அப்படின்னா என்ன?" என்று சிரித்தார். லைன் போய்விட்டது.

மறுநாள் ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இந்தக் காலத்தில் யார் இன்லேண்டில் காதல் கடிதம் எழுதுகிறார்கள்? இது வேறு ஏதோ காலத்துக் கதை. 'நான் பட்டது போதாதா' என்று அம்மா சொன்னது அப்போதுதான் உறுத்தியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சாவியைத் தேடக்கூட இல்லை, அம்மிக் குழவியால் அப்பா பெட்டியின் பூட்டை உடைத்தேன்.

சீருடை, தொப்பி, ஒரு பதக்கம், அந்துருண்டை வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில் நீலநிற இன்லேண்ட் கடிதங்கள் ஒரு கட்டு. ஒரு போட்டோ. ஏதோ ஒரு வடநாட்டு மாதா கோயில் வாசலில் அப்பா, பக்கத்தில் நர்ஸ் உடையில் ஒரு பெண். இரண்டு பேர் கையிலும் மோதிரம். கடிதங்கள் எளிய ஆங்கிலத்தில் இருந்தன. ஊரில் சொல்லிவிட்டீர்களா என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருந்தாள். கடைசிக் கடிதம் மட்டும் எங்கள் வீட்டு விலாசத்துக்கு வந்திருந்தது. அது பிரிக்கப்படவே இல்லை.

அம்மா வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீதான் போய்ச் சொன்னியா?" என்று கத்தினேன்.

"நான் பொய் சொல்லல பாப்பா. ஆளுதான் மாறிப்போச்சு." அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அந்தப் புள்ளைக்கு இருக்கோ இல்லியோ, எனக்கென்ன தெரியும்? எனக்கு நடந்ததத்தான் சொன்னேன். உங்கப்பா போனப்பவே பொட்டியத் தொறந்து பாத்துட்டேன். வாசல்ல கொடி போத்தி, ஊரே நின்னு அழுவுது. நான் யாருகிட்ட போயிச் சொல்லுவேன்?"

எனக்குக் கோபப்படுவதா அழுவதா என்று புரியவில்லை. யார்மேல் கோபப்படுவது? படத்தில் அப்பா எப்போதும்போல விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் வைத்திருந்த பாசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"தப்பாக் கேள்விப்பட்டுட்டேன்னு சாமியார்கிட்ட சொல்லிடுமா. அப்பா பேரு கெட வேணாம்," என்றேன். அம்மா உடைந்த பூட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் தனியாகக் கோயிலுக்குப் போனாள். "அது என் வூட்டுக்காரரு கதை ஃபாதர், மாப்ள கதை இல்லன்னு சொல்லிட்டேன்," என்றாள் வந்து. இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததை எனக்காகச் சொல்லியிருக்கிறாள். எனக்காகத்தான் மறைத்தாள், எனக்காகத்தான் கெடுக்கவும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசித்தார்கள். நாட்டுக்காக உயிர்நீத்தவரின் மகள் என்று என்னைச் சொன்னபோது, பக்கத்தில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பூசை முடிந்ததும் பிரிக்காத கடிதத்தை என் கையில் திணித்தாள். "படி, இல்ல கிழிச்சுப் போடு. என்னா எழுதியிருக்குன்னு எங்கிட்ட மட்டும் சொல்லாத."

கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. கடிதத்தை நான் படிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அவர் நல்லவர். இன்னும் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். லீவுக்கு வரும்போதெல்லாம் அவருடைய டிரங்குப் பெட்டியை நான்தான் பிரிக்கிறேன், துணியெல்லாம் எடுத்த பிறகு அடித்தட்டில் ஒருமுறை கையை விட்டுத் துழாவுகிறேன். போன லீவில் பார்த்துவிட்டார்.

"என்னம்மா தேடுற?"

"அந்துருண்டை இருக்கான்னு பாக்குறேன்," என்றேன்.