இடுப்பு உயரத்தில் ஒரு மேடை

என் முழங்கால் சத்தம் போடுவதை என் வீட்டு ஆண்கள் இரண்டு வருஷமாகக் கேட்டும் கேளாதவர்களாக இருந்தார்கள். கோயிலில் ஒரே ஒரு முறை கேட்டது, ஊரே பதறிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாகத் தரையில் உட்காருவோம். பின்சுவர் ஓரமாகச் சில பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும், முடியாத பெரியவர்களுக்கு. போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறார், மணி அடித்து ஓய்ந்துவிட்டது, எல்லோரும் முழங்காலில் நிற்கிறோம். அந்த நேரத்தில் கைக்குழந்தைகூட வாயைத் திறக்காது. வலி பொறுக்காமல் நான் பாரத்தை லேசாக இடது காலுக்கு மாற்றினேன். வலது முட்டி ‘சடக்’ என்றது. காய்ந்த விறகை ஒடித்த மாதிரி. முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பாட்டுக் குழுவில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாமியாரே ஒரு கணம் கண்ணைத் திறந்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சிஸ்டர் ஒருவர் நாற்காலியோடு வந்து நின்றார். “இதுல உக்காருங்கம்மா, கடவுள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு” என்றார். நல்ல மனசுதான். ஆனால் நாற்பத்தெட்டு வயசில், காது கேட்காதவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் நடுவில் கொண்டுபோய் என்னை உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? பூசை முடிகிற வரை என் காது சுட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்:

“இனிமே சேர்லயே உக்காந்துக்கோ. எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குதுங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். அதைச் சொல்லிக்கொண்டே மீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் குழாயடியில் போட்டார். அவர் பின்னாலேயே என் இரண்டு மகன்களின் தட்டுகளும் வந்து விழுந்தன.

அந்தக் குழாயடியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தரை. அதில் முழங்கால் உயரத்துக்குக்கூட வராத ஒரு குழாய். அதற்கு முன்னால் குந்தித்தான் பாத்திரம் தேய்க்க வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்னால் ஒரு குவியல், சாயங்காலம் வந்ததும் ஒன்று, எல்லோரும் சாப்பிட்ட பிறகு இன்னொன்று. கோயிலில் முழங்கால் போடுவது வாரத்துக்குச் சில நிமிஷம். அதற்கு நாற்காலி ஓடி வருகிறது. நான் தினம் குந்துகிற இடத்துக்கு யார் என்ன தூக்கிக்கொண்டு வந்தார்கள்? கோயிலில் என் முட்டி மற்றவர்களுடைய ஜெபத்தைக் கலைத்தது. வீட்டில் அது என் ஒருத்தியைத்தானே படுத்துகிறது.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. என் கணவர் கொத்தனார். சாதாரணக் கொத்தனார் இல்லை, நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி. பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்தமாதிரி இருக்கும் விடுதிகளில் சமையல் மேடை, குளியலறை எல்லாம் அவர் கைவேலை. குயிலாப்பாளையத்தில் தனியாக இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்கு அவர் செய்து கொடுத்ததை ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் போனில் காட்டினார். அந்த அம்மாவுக்குக் குனிய முடியாது என்பதால், நின்றபடியே செடிக்கு மண் அள்ளிப்போட வசதியாக இடுப்பு உயரத்தில் ஒரு தொட்டி. “பாத்தியா, எவ்ளோ நீட்டா வந்திருக்குது?” என்றார். நீட்டாகத்தான் இருந்தது. தக்காளிச் செடிக்குக் கிடைத்த மேடை எனக்குக் கிடைக்கவில்லை.

நான் கேட்காமல் இருந்தேனா? முட்டி முதலில் சத்தம் போட ஆரம்பித்தபோதே சொன்னேன். எழுந்தால் ஒரு சத்தம், உட்கார்ந்தால் ஒரு சத்தம். சின்னவன் அதைப் போனில் பதிவு பண்ணி அண்ணனுக்குப் போட்டுக் காட்டிச் சிரித்தான். பெற்று வளர்த்ததற்கு இதையாவது செய்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு சத்தத்தோடு வலியும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர யாருக்கும் நேரமில்லை. நான் தாலுகா ஆபீசுக்கு எதிரே, மாடியில் இருக்கும் ஒரு டைப்பிங் கடையில் வேலை செய்கிறேன். அங்கே லீவு சொல்லிவிட்டு, தனியாக விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். அந்தப் பஸ் படியின் உயரத்தை முடிவு செய்தவருக்கு முட்டி என்று ஒன்று இருந்திருக்காது.

விழுப்புரத்தில் என்னைப் பார்த்த பிசியோதெரபிப் பெண்ணுக்கு என் பெரியவன் வயசுதான் இருக்கும். படுக்க வைத்து, காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

“சத்தத்த நெனச்சு பயப்படாதீங்கம்மா. வலியில்லாம வெறும் சத்தம் வந்தா கவலையே இல்ல. உங்களுக்கு வலி இருக்குது, சாயங்காலமானா வீங்குது. அதத்தான் கவனிக்கணும்.”

மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மற்றக் காலை நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னாள். தொடைச் சதை பலமாக இருந்தால் முட்டியின் பாரம் குறையுமாம். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை என்றாள். நடையை நிறுத்தக் கூடாது, உடம்பு எடை கொஞ்சம் குறையட்டும், காலையில் பிடித்துக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம் போதும். மருந்து மாத்திரையைக் கண்டபடி வாங்கி விழுங்காதீர்கள் என்றும் சொன்னாள். எல்லாம் எனக்குப் புரிந்தது. கடைசியாக, “தெனம் எவ்ளோ நேரம் குந்திக்கினு இருப்பீங்க?” என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“மொதல்ல பாத்திரம் தேக்கிற எடத்த ஒசத்துங்க. தேஞ்சது திரும்பி வளராது, மிச்சத்தக் காப்பாத்திக்கலாம். யாராவது கொத்தனாரப் புடிங்கம்மா, சின்ன வேலதான்.”

கொத்தனாரைப் பிடிக்க வேண்டுமாம். பிடித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறதே என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கே என் கணவரிடம் சொன்னேன். “அதுக்கின்னா, அரை நாள் வேல. மழ முடியட்டும்” என்றார். மழை முடிந்தது. பொங்கல் போகட்டும் என்றார். பொங்கல் போனது. ஆள் இல்லை என்றார், ஜல்லி இல்லை என்றார், விடுதி வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றார். அப்புறம் மறுபடியும் மழை வந்தது. நடுவில் அவர் சும்மாவும் இருக்கவில்லை. முட்டிக்கு மாட்டும் பெல்ட் வாங்கிக்கொண்டு வந்தார். தைலம் வந்தது. சைட் ஓரத்தில் படர்ந்திருந்த பிரண்டையை ஒரு கட்டு அறுத்துக்கொண்டு வந்தார். முடக்கத்தான் கீரை வந்தது. ஆட்டுக்கால் வந்தது. அதைச் சூப்பு வைத்து, எல்லோரும் குடித்த சட்டியை நானேதான் குந்தித் தேய்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டு போய்வந்தவர், எனக்கும் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். “அங்க மரமே கல்லாப் போயி கெடக்குது. ஒனக்கு முட்டியாவது கல்லாட்டம் ஆவட்டும்” என்று, அந்த ஊர்க் கல்மரங்களைச் சொல்லி, ஆசீர்வாதம் பண்ணினார். வாங்கிக்கொண்டேன். மதம் பார்க்கிற நிலையில் என் முட்டி இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை பேரும் என் காலுக்கு எதையாவது தடவவும் தின்னவும் கொடுத்தார்களே தவிர, அந்தக் காலை மடக்க வைக்கும் வேலையை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவும் குந்தித்தானே தேய்க்கிறார்.

நாற்காலி வந்த மாதத்தில் எனக்கு இடது காலும் லேசாக வலிக்க ஆரம்பித்தது. சுவரைப் பிடிக்காமல் குழாயடியிலிருந்து எழ முடியவில்லை. கடைக்குப் போனால் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதுபோல் நடித்தேன், வலி என்று தெரிந்தால் வேறு ஆள் பார்ப்பார்களோ என்ற பயம். இடது காலும் போய்விட்டால் என் வேலையும் போய்விடும். எனக்கென்று வெளியே ஒரு இடம் இருக்கிறது என்றால் அது அந்தக் கடை மட்டும்தான். ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் ஆத்திரம். ஆத்திரம்தான் ஜெயித்தது.

எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைக் குழுக்களாகப் பிரித்து அன்பியம் என்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஓர் அன்பியம் பூசையில் மன்றாட்டு வாசிக்க வேண்டும். ஒருவர் வாசிக்க வாசிக்க, மக்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். எங்கள் அன்பியத்தின் முறை வரும்போது எழுதி டைப் பண்ணி வாசிப்பது எப்போதும் நான்தான். திருத்தந்தைக்காக ஒன்று, நாட்டை ஆள்கிறவர்களுக்காக ஒன்று, மழைக்காக ஒன்று, நோயாளிகளுக்காக ஒன்று. அந்த வாரமும் அப்படியே நாலு எழுதினேன். பிறகு ஐந்தாவதாக ஒன்றையும் டைப் பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றேன். முதல் நாலுக்கும் கோயில் வழக்கம்போலப் பதில் சொன்னது. என் கணவரின் குரல் எப்போதுமே ஒரு சுற்று பெரிசு. ஆண்கள் பக்கத்திலிருந்து தனியாகக் கேட்கும். நான் நிறுத்தாமல், அதே குரலில் வாசித்தேன்:

“அன்புத் தந்தையே! ஊராருக்கெல்லாம் நல்ல வீடு கட்டித் தரும் கொத்தனார்கள், தங்கள் சொந்த வீட்டில் குந்திப் பாத்திரம் தேய்க்கும் மனைவியின் முழங்காலையும் நினைத்துப் பார்த்து, இடுப்பு உயரத்தில் ஒரு மேடை கட்டித் தரும் நல்ல மனதை அவர்களுக்கு அருள வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது கோயில். என் கணவரும் சொன்னார். பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெண்கள் பக்கத்தில் முதலில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அந்த வரிசை முழுக்கக் குலுங்கியது. சாமியார் இருமினார். நான் தாளை மடித்துக்கொண்டு என் இடத்துக்கு நடந்தேன். தரையில்தான் உட்கார்ந்தேன், நாற்காலியில் இல்லை.

வெளியே வண்டியை எடுக்கும்போது அவர் முகம் சிவந்திருந்தது.

“இன்னாமே இது? ஊரே சிரிக்கிது. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டனா?”

“சொல்லலியா?” என்றேன்.

“இப்பிடிச் சொன்னியா?”

அதற்குமேல் அவரோடு பேசி என்ன ஆகப்போகிறது? வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

மறுநாளே செங்கல் வந்தது. விடுதி வேலையில் மிச்சமான ஒரு கிரானைட் துண்டும் வந்தது. அவரே தனியாளாக அரை நாளில் கட்டி முடித்தார். அரை நாள் வேலை என்று அவர் சொன்னதில் பொய்யில்லை. குழாயை மேலே ஏற்றினார். என்னை நிற்கவைத்து இடுப்புக்கு நேராகப் பென்சிலால் சுவரில் கோடு போட்டார். ஈரம் காய்வதற்குள் பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தார், தெருப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் மேடையைத் தடவிப் பார்த்தாள். “ஒன் வூட்டுக்காரரு தங்கம்டி. எவ்ளோ பாசமா கட்டிக் குடுத்திருக்காரு!” என்றார் அக்கா. என் கணவர் கூச்சத்தோடு கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தத் தெருவே தாங்கியிருக்காது.

மேடை வந்ததில் வீக்கம் குறைந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நின்றபடி தேய்க்கிறேன், சாயங்காலம் கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கி இறக்குகிறேன். ஒரு நாள் அப்படிச் செய்துகொண்டிருக்கும்போது அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தன் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்கும் மேஸ்திரியின் குரலில், “இப்ப சத்தம் நின்னுடுச்சா?” என்றார்.

அவர் கையை இழுத்து உள்ளங்கையை என் வலது முட்டிமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். காலை மெதுவாக மடக்கினேன், நீட்டினேன். உள்ளே நறநறவென்று அரைபட்டது. மறுபடி மடக்கினேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இது எத்தினி நாளா இருக்குது?” என்று கேட்டார்.