தற்காலிகக் கோப்புகளுக்காகச் சண்டை போட்ட பிலோமினா

செய்தி வந்தபோது நான் சிங்கப்பூரில் கிளமெண்டி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிலோமினாவின் தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். "வசந்திக்கா, அக்கா காலையில தவறிட்டாங்க. ஹார்ட். நாங்க ஈசூன் வீட்லதான் இருக்கோம்." திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு ரயில் வந்து போனது. அடுத்ததில் ஏறி உட்கார்ந்தேன், உட்கார முடியாமல் எழுந்து கதவோரம் நின்றேன். ஈசூனுக்குப் போக, ஜூரோங் பக்கம் போய் வண்டி மாற வேண்டியவள், எதிர்த்திசையில் நகருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது நாலைந்து நிலையம் கடந்த பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போகும் திசை அது.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. முயன்றேன், கை வரவில்லை. அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

உங்களில் பலருக்கு அவள் ஈசூன் தேவாலயத்துப் பாடகர் குழுவில் பின்வரிசைக் குரல். சிலருக்கு அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். எனக்கு அவள் ஞாயிற்றுக்கிழமைக்காரி. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான உதவி மையத்தில் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். சம்பளம் வராதவர்களும் அடிபட்டவர்களும் வருவார்கள். அவர்கள் சொல்வதை நான் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவேன். பிலோமினா எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்வாள்.

'பார்த்துக்கொள்வாள்' என்றால் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதில்லை. அவள் உட்கார்ந்தே நான் அதிகம் பார்த்ததில்லை. தேத்தண்ணீரையும் நின்றபடிதான் குடிப்பாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். "கொஞ்சம் உக்காரேன், எனக்குத் தலை சுத்துது" என்றால், "உக்காந்தா எல்லாம் சரியா இருக்குன்னு தோணிடும் லா, அதான் பயம்" என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் மையத்தில் இருந்தது ஒரே ஒரு சர்வர். நாங்கள் எல்லோரும் அவரவர் பெயரில் அதற்குள் நுழைந்து வேலை செய்வோம். பாஸ்போர்ட் நகல், மருத்துவ அறிக்கை என்று எல்லாமே அதில்தான். அதனால் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி அடுக்கடுக்காகப் பாதுகாப்பு வைத்திருந்தாள். ஒருவருடைய கோப்புறையை இன்னொருவர் திறக்க முடியாது. நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அவளும் இருந்தாள் என்றுதான் நினைக்கிறேன், கருப்பையா வரும்வரை.

கருப்பையா ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவன். வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. விடுதி அறையில் விழுந்ததாகச் சொல்லச் சொல்லி மேற்பார்வையாளர் மிரட்டியிருந்தார். உண்மையில் பட்டறையில் நடந்ததை எங்களிடம் சொல்லிவிட்டு, "அக்கா, நான் இங்க வந்தது கம்பெனிக்குத் தெரியக் கூடாது" என்றான். "தெரியாது தம்பி, பயப்படாதீங்க" என்றேன்.

மறு ஞாயிறு வந்தான். உட்காரவில்லை. "யாருக்கா சொன்னது?" என்றான். மேற்பார்வையாளர் அவனைக் கூப்பிட்டு, "என்னா, லிட்டில் இந்தியாவுல கம்ப்ளைண்ட் எழுதிக் குடுத்திருக்கியாமே" என்று கேட்டிருக்கிறார். பெட்டியைக் கட்டச் சொல்லியிருக்கிறார். மையத்தை நடத்தும் சேகர் அண்ணன் அவனை உட்கார வைக்கப் பார்த்தார். "நாங்க பேசறோம், உன்னை அனுப்ப விட மாட்டோம்" என்றார். அவன் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதே வாரம் ஊருக்குப் போய்விட்டான். அந்தக் கைக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்று யாருக்கும் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வை மோசமானது. பிலோமினா மட்டும் மனிதர்களைப் பார்க்கவில்லை, சர்வரைப் பார்க்கப் போனாள். அலுவலகம் முடிந்ததும் தினமும் வந்தாள். கடைசியில் கண்டுபிடித்ததை எனக்கு நடந்துகொண்டே சொன்னாள்.

நாம் ஒரு கோப்பைத் திறந்தால், நிரல் அதன் தற்காலிக நகல் ஒன்றை 'டெம்ப்' என்ற இடத்தில் போட்டுக்கொள்கிறது. அந்த இடம் சர்வருக்கே ஒன்றுதான், எல்லோருக்கும் பொது. ஒருவர் நகலை இன்னொருவர் திறக்க முடியாது. ஆனால் பெயர் தெரியும். எங்கள் வழக்கப்படி கோப்பின் பெயரில் ஆள் பெயரும் கம்பெனி பெயரும் இருக்கும். எங்கள் தன்னார்வலர் ஒருவர், நல்ல மனிதர், தன் கோப்பைத் தேடும்போது அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார். சாப்பாட்டுக் கடையில் அதே கம்பெனி ஆள் ஒருவரைச் சந்தித்தபோது, "உங்க கருப்பையாவுக்கு இப்ப எப்படி இருக்கு? பாவம்" என்று விசாரித்திருக்கிறார். அது மேற்பார்வையாளர் காதுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். அன்பாகக் கேட்ட ஒரு கேள்வி அது.

"அவர் மேல தப்பு இல்ல வசந்தி. வெளிய அத்தனை பூட்டு போட்டேன், உள்ள எல்லாரையும் ஒரே மேசையில உக்கார வச்சிருக்கேன்" என்றாள். "டெம்பரரிதானேன்னு விட்டுட்டேன். டெம்பரரின்னா யாரும் பாக்கலாம்னு அர்த்தமா?"

அதன் பிறகு அவள் செய்ததைத் தொழில் தெரியாத எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒவ்வொருவரும் தம் பெயரில் உள்ளே நுழையும்போதே அவருக்கென்று ஒரு தனி டெம்ப் உருவாக வேண்டும். நிரல்கள் வழக்கம்போல டெம்ப் என்றே கேட்கும், கிடைப்பது அவரவருடையதாக இருக்கும். அடுத்தவர் கோப்பின் பெயர்கூடக் கண்ணில் படாது. "எல்லாரும் அதே கதவைத்தான் தள்ளுவோம், ஆளுக்கு ஒரு ரூமுக்குள்ள போவோம்" என்றாள்.

மாற்றிய முதல் ஞாயிறு ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. படிக்கட்டு வரை ஆட்கள் நிற்கிறார்கள், எங்கள் திரைகள் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு வெளியே தள்ளுகின்றன. அட்மின் என்ற கணினி நிர்வாகிக் கணக்குக்கு மட்டும் அவள் விலக்கு வைத்திருந்ததால் அவளால் உள்ளே போக முடிந்தது. நின்றபடியே தட்டினாள், முணுமுணுத்தாள், திடீரென்று சிரித்தாள். தனித்தனி டெம்ப்கள் எல்லாவற்றையும் வைத்திருக்கும் மேல் கோப்புறைக்கு யாருக்குமே எந்த அனுமதியும் இருக்கக் கூடாதாம். அவள் பழக்கத்தில் கொஞ்சம் அனுமதி கொடுத்திருக்கிறாள். "கொஞ்சம் தாராளமா இருந்துட்டேன், அதுக்குப் புடிக்கல" என்றாள். அதைச் சரிசெய்ததும், அவளே போட்டு வைத்திருந்த இன்னொரு பாதுகாப்பு அடுக்கு தன் பங்குக்கு மறுத்தது. அதற்கும் தனியாக ஓர் அனுமதியை இயக்க வேண்டியிருந்தது. ஆட்களை நாங்கள் காகிதத்தில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம். சேகர் அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

அதோடு முடியவில்லை. கடித மாதிரிகளை டெம்ப்பில் வைத்து ஒருவருக்கொருவர் கொடுப்பது எங்கள் பழக்கம். அன்று மதியம் நான், "அண்ணே, லெட்டர் டெம்ப்புல வச்சிட்டேன்" என்றேன்.

"இங்க ஒண்ணும் இல்லியே."

"இப்பத்தான் வச்சேன். என் கண்ணு முன்னால இருக்கு."

"என் கண்ணு முன்னால காலியா இருக்கு, வசந்தி!"

இருவரும் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்தோம். ஒரே பெயர், ஒரே இடம், அவருக்கு ஒன்று, எனக்கு வேறு. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பிலோமினா, போதும். பழையபடி மாத்திடும்மா. ஜனங்க வெளிய நிக்கிறாங்க."

"கொடுக்க வாங்கத் தனியா ஒரு ஃபோல்டர் போட்டுத் தர்றேன் அண்ணே. டெம்ப்பை மாத்த மாட்டேன்."

"அப்ப எனக்கு மட்டும் எல்லார் இடமும் தெரியிற மாதிரி வை. நான் இந்த சென்டரை நடத்துறவன். என்னை நம்பலியா?"

அவள் நடப்பதை நிறுத்தினாள். "உங்களை நம்புறேன் அண்ணே. நீங்க எழுந்து பாத்ரூம் போனா, உங்க நாற்காலியில யாரு உக்காருவாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்த ஆளை எப்படி நம்புறது?"

"அப்படின்னா நீ அடுத்த வாரம் வர வேணாம்" என்று சொல்லிவிட்டார் சேகர் அண்ணன். எல்லோருக்கும் கேட்டது. பிலோமினா பையை எடுத்துக்கொண்டாள். போவதற்கு முன், சொன்னபடியே அந்தப் பொதுக் கோப்புறையை உருவாக்கி, எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. டெம்ப்பை யாரும் மாற்றவில்லை, மாற்றத் தெரியவும் இல்லை. சேகர் அண்ணன் புதிதாக வந்தவர்களிடம், "டெம்ப்புல வைக்காதீங்க, கொடுக்கிற ஃபோல்டர்ல வைங்க" என்று தாமே சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் என் எதிரிலேயே கைப்பேசியை எடுத்து அவளைக் கூப்பிட்டார். "பிலோமினா, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாம்மா" என்றார். அவள் என்ன பதில் சொன்னாளோ, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்து நின்றாள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கருப்பையா நம்பர் யார்கிட்ட இருக்கு?"

கிடைத்த எண்ணில் பல முறை முயன்றாள். யாரும் எடுக்கவில்லை. கடைசிவரை அது அவளை விடவில்லை. "அடுத்தவனுக்கு ரூம் கட்டியாச்சு. இவனுக்கு என்ன பண்ணோம்?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள்.  

இனி அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த பிறகு ஒரு நாள், நான் ஒரு தொழிலாளியிடம் 'பயப்படாதீங்க' என்றதைக் கேட்டுவிட்டு என்னைத் தனியே அழைத்தாள். "அப்படிச் சொல்லாத. யாரு பாக்க முடியும்னு சொல்லு. நான் அட்மின், நான் நெனச்சா பாக்கலாம். அதையும் சொல்லு. அவங்க முடிவு பண்ணட்டும்."

அடக்கம் முடிந்த மறு ஞாயிறு மையத்தைத் திறந்தோம். காலில் கட்டுடன் ஓர் இளைஞன் என் எதிரே உட்கார்ந்தான். "அக்கா, இதெல்லாம் யாரு பாப்பாங்க?" என்றான். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். நான் பார்ப்பேன், சேகர் அண்ணனிடம் நானாகக் கொடுத்தால் அவர் பார்ப்பார், மெஷினைப் பராமரிப்பவர் நினைத்தால் பார்க்க முடியும், இங்கே வேலை செய்யும் மற்றவர்களுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் யோசித்தான். "பேர் சொல்லாம இன்னைக்குப் போறேன்க்கா. ரூம்ல ஆளுங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்தான்.

தடுக்கவில்லை. ஜன்னலுக்குப் போய், அவன் நொண்டியபடி கூட்டத்தில் கலப்பதைப் பார்த்தேன். திரும்பி நாற்காலிக்கு வந்தேன், உட்காரப் பிடிக்காமல் மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன். அவன் திரும்பி வருவானா என்று எனக்குத் தெரியாது. அவனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன் என்பது மட்டும் தெரியும்.