பத்தாவது கேஸ்

வஜீஹா அக்கா எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறாள். அவள் அப்பா அப்துல் கஃபாருக்கு மயிலாப்பூரில் சின்னத் தையல்கடை. பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் அங்கே சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்தாள். 1996-இல் சாந்தோமில் ஒரு சமுதாயக் கல்லூரியில் உளவியல் டிப்ளமோவில் சேர்ந்தாள். இந்த வருடம் நானும் அதில் சேர நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"இத்தப் படிச்சா இன்னா வேலை கெடைக்கும்? பைத்தியத்துக்கு ஊசி போடுவியா?" என்றார் கஃபார் மாமா.

"ஊசி டாக்டர் போடுவாரு அத்தா. நான் பேசுவேன்."

"பேசறதுக்கு சம்பளமா? அப்ப உங்கம்மா லட்சாதிபதி!"

டிப்ளமோவுக்குப் பள்ளியிலோ மறுவாழ்வு மையத்திலோ உதவியாளர் வேலைதான் கிடைக்கும் என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அடையாறில் ஓர் ஆலோசனை மையம் ஒரே ஒருவரை எடுப்பதாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் அக்காவுக்கு மறுபடி காஜாதான்.

அந்த வேலைக்குப் பத்து கேஸ்களை ரெக்கார்டு நோட்டில் எழுதித் தர வேண்டும். ஒன்பது பேரை உண்மையாகவே பார்த்து எழுதினாள். பத்தாவதுக்கு ஆள் அகப்படவில்லை. பிசிக்ஸ் லேபில் விடையை முதலில் போட்டுவிட்டு ரீடிங்கைப் பின்னால் எழுதுவோமே, அந்தப் பழக்கத்தில் ஓர் ஆளையே எழுதிவிட்டாள். பெயர் சொர்ணம். கோபாலபுரத்தில் ஒரு தெரு, மனதில் தோன்றிய ஒரு கதவு எண். கணவர் இறந்துவிட்டார். தினமும் பகல் மூன்று மணிக்கு ஹால் கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பாள். கேட்டால், அவர் சட்டை மாற்றுகிறார் என்பாள். சம்மதக் கையெழுத்தை அக்கா இடது கையால் போட்டாள். கடைசி எழுத்து கோணலாகக் கீழே இறங்கிவிட்டது.

மையத்தின் தலைவி பிலோமினா மேடத்துக்குப் பிடித்ததே அந்தப் பத்தாவது கேஸ்தான். "இவங்கள இன்னொரு தடவ பாத்து கையெழுத்து வாங்கிட்டு வா. திங்கக்கெழம வேலைல சேந்துடு."

"மறுபடி லெஃப்ட் ஹேண்ட்ல போட்டுடேன்" என்றேன்.

"மேடம் நேர்ல போயிட்டா? அந்த நம்பர்ல யாரு இருக்காங்கன்னாவது பாத்துட்டு வரலாம்."

புதன்கிழமை போனோம். அந்த எண்ணில் ஒரு பழைய பங்களா இருந்தது. மணி மூன்று. ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், ஹாலில், ஒரு நிலைக்கண்ணாடி முதுகைக் காட்டி நின்றது.

"உக்காருங்க. அவர் சட்டை மாத்திக்கினு இருக்காரு."

அந்த அம்மாவே அவள் கையிலிருந்த தாளை வாங்கி, எதற்கென்று கேட்காமல், இடது கையால் கையெழுத்துப் போட்டார். சொர்ணம். கடைசி எழுத்து கோணலாகக் கீழே இறங்கியது.

உள்ளறையில் பீரோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நாங்கள் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "அடுத்த புதன்கிழமை வாம்மா. அவரும் உன்கிட்ட பேசணும்ங்கறாரு."

பஸ்ஸில் அக்கா, "எப்பவாவது நம்ம கடைக்கு பிளவுஸ் தைக்க வந்திருப்பாங்க. நான் மறந்திருப்பேன்" என்றாள். கஃபார் மாமாவிடம் கேட்டோம். அப்படி யாரும் வந்ததில்லை.

திங்கட்கிழமை அவள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் இரண்டு கையெழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். "மொத வேலைன்னா பயமா இருக்கும்மா" என்று வேலையைக் கொடுத்தார். முதல் கேஸாக சொர்ணத்தையே கொடுத்தார்.

இன்று புதன்கிழமை, மணி இரண்டு. மாமா தைத்துக் கொடுத்த புது சுடிதாரில் அக்கா கிளம்பி நிற்கிறாள். புது ஃபைலில் சொர்ணம் என்று எழுதி, கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறாள்.

"ரெக்கார்டு நோட்டுல அவர் பேரு மட்டும் நான் எழுதவே இல்லடி" என்றாள். "அவரே சொல்லட்டும்."