வாழைக்குப் போட்ட பீங்கான் கல்

'எனக்குத் தெரியாது' என்ற சொல் என் வாயில் சுலபத்தில் வராது. பீங்கான் பட்டறையில் காலமெல்லாம் மண் கரைக்கிறவள் நான், வாழையைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுப்பது என்றுதான் அந்த வருடமும் நினைத்தேன். ஊரில் வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்துகொண்டிருந்த சமயம் அது.

எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு வாசலின் இரண்டு பக்கமும் பழுத்த வாழைத்தார் கட்டுவது வழக்கம். வருடத்துக்கு ஒரு குடும்பம். அடுத்த முறை எங்களுடையது என்று சாமியார் பூசையிலேயே அறிவித்துவிட்டார். ஊரே அந்தத் தார்களுக்கு நடுவில் நுழைந்துதான் உள்ளே போகும். எங்கள் கொல்லை வாழையோ அதற்கு முந்தின தடவை குச்சி குச்சியாகக் காய்த்து, பழுத்த பிறகும் புளித்தது.

வேளாண்மை ஆபீஸ் மேடம் வந்து பார்த்தார். அடி இலைகளின் ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி இருந்தது.

"சாம்பல் சத்து பத்தலைங்க. பொட்டாஷ் போடுங்க. இல்லன்னா காய் பருக்காது, இனிப்பும் ஏறாது" என்றார்.

என் வீட்டுக்காரர் உரக்கடைக்குக் கிளம்பினார். நான் மறித்தேன்.

"எதுக்குங்க கடைக்கு? எங்க பட்டறையில மூட்டை மூட்டையா கெடக்குது பொட்டாஷு."

பொய்யில்லை. பீங்கான் சூளையில் இறுகி வருவதற்காக மண்ணோடு ஒரு வெள்ளைக் கல்லை அரைத்துச் சேர்ப்போம். பொட்டாஷ் கல் என்றுதான் அதற்குப் பெயர். கீழே சிந்தியதைக் கூட்டி எடுத்துக்கொள்ள முதலாளியும் தலையாட்டினார். ஒரு மூட்டை வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க. தெனம் கையில அள்ளுறவ நான்" என்றேன். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, உரக்கடைக்குப் போய்வந்தார். எட்டு மரம் எனக்கு, எட்டு மரம் அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். என் மரங்களுக்கு வெள்ளை மாவு. அவருடையதற்குக் கடையில் வாங்கிய, சிவப்பு உப்பு மாதிரி இருக்கும் பொட்டாஷ். கோயில் வாசலில் ஒரு பக்கம் என் தார், மறுபக்கம் அவர் தார். பட்டறைப் பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்தேன், "வந்து பாருங்கடி, எது யாரோடதுன்னு கேக்கவே வேணாம்."

மாதம் போகப் போக அவர் வாழை இலை பச்சையாகவே நின்றது, என்னுடையது ஓரம் காய்ந்தது. வெயில் என்றேன். போர் தண்ணீர் சரியில்லை என்றேன். வெயில் உன் வரிசையில் மட்டுமா அடிக்கிறது என்று அந்த மனுஷன் கேட்கவில்லை. நான் இன்னும் இரண்டு கூடை மாவைக் கொண்டுவந்து கொட்டினேன்.

திருவிழா வந்தது. வலப்பக்கம் அவர் தார், சீப்புக்குச் சீப்பு பருத்து, மஞ்சளாக. இடப்பக்கம் என்னுடையது. நான் சொன்னபடியே, எது யாருடையது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் என் தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு, "ஏக்கா, மோரு இல்லாத அன்னிக்கு இதைச் சோத்துல பெசஞ்சுக்கலாம்" என்றாள். வெட்கத்தில் பூசை முழுக்கத் தலையைத் தூக்கவில்லை. பக்தி என்று சிலர் நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை பட்டறையில் மண் கரைக்கும் தொட்டியைக் கழுவினேன். அடியில் அந்த வெள்ளை மாவு இறுகி உட்கார்ந்திருந்தது. வாராவாரம் அதைச் சுரண்டி எடுக்கிறவளும் நான்தான். தண்ணீரில் கரையாத கல், சூளை நெருப்பில்தான் உருகும். அதைப் போய் வாழை வேர் குடிக்கும் என்று நம்பியிருக்கிறேன் பாருங்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏங்க, அது கல்லுங்க. கரையாது."

"தெரியும். மூட்டை வந்த அன்னிக்கே ஒரு டம்ளர் தண்ணியில போட்டுப் பாத்தேன்" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

"பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ சும்மா இருக்கச் சொல்லிட்ட."

எனக்குச் சுள்ளென்று வந்தது. அந்த இடத்தில் நான் ஆரம்பித்தால் உலை கொதித்து அடங்கும்வரை ஓயமாட்டேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அதற்காகக் காத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

"அடுத்த தடவை பொட்டாஷ எப்பப்பங்க போடணும்?" என்று கேட்டேன்.

நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். மூன்றாம் மாதம் கொஞ்சம், ஐந்தாம் மாதம் கொஞ்சம், குலை தள்ளும் முன்னால் ஒரு தடவை, மரத்தை ஒட்டிப் போடாமல் சுற்றி வட்டமாக. டீ ஆறிப்போனது, அவர் பேச்சு நிற்கவில்லை. அவருக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது.